தடம் புரண்ட ரயில்

பாத் தொகுதியில் தோற்று, 1992-ல் ஹாங்காங்கின் கடைசி பிரிட்டிஷ் கவர்னராக வந்தார் கிறிஸ் பேட்டன். சட்டசபைத் தேர்தலில் வாக்குரிமையை அவர் விரிவாக்க முனைந்ததும் பெய்ஜிங் கொதித்தது. சீன அதிகாரி லூ பிங், 'ஆயிரம் ஆண்டுப் பாவி' என்றே சாடினார். அதைவிட உறுத்தியது லண்டன் ராஜதந்திரிகளின் எதிர்ப்பு. 1984 ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில் முக்கியப் பங்காற்றிய பெர்சி க்ராடக், சீனாவைச் சீண்டினால் நஷ்டம் ஹாங்காங்குக்கே என்று எச்சரித்தார்.

பலித்தது. 1995-ல் தேர்வான 60 உறுப்பினர்களும் 1997-க்குப் பிறகும் நீடிப்பார்கள் என்றிருந்த 'நேர் ரயில்' ஏற்பாடு ரத்தானது. ஜூலை 1-ல் சீனா தன் சபையை அமர்த்தியது.

பணிந்திருந்தால் தப்பியிருக்குமா? 2021-ல் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் இடங்களை 70-ல் 35 என்பதிலிருந்து 90-ல் 20 ஆகச் சுருக்கியது பெய்ஜிங். அப்போது பழிபோட எந்த கவர்னரும் இல்லை.