எலும்பு பட்டா தராது

‘மரபணுவே நிரூபித்துவிட்டது’ என்ற முழக்கம் இப்போது இரண்டு மேடைகளில் கேட்கிறது. வெளியிலிருந்து யாருமே வரவில்லை என்கிறது ஒன்று. மற்றவரெல்லாம் வந்தேறிகள், நாங்களே கலப்பில்லாத பூர்வகுடி என்கிறது மற்றொன்று. எலும்பைத் துளைத்தால் தூய வம்சம் கிடைக்கும் என்பதில் மட்டும் இருவரும் ஒற்றுமை! முதல் மேடையின் ஆதாரம் அரியானாவில் உள்ள சிந்துவெளி நாகரிக ஊரான ராக்கிகடி. அங்கே 61 எலும்பு மாதிரிகளைச் சோதித்ததில் ஒரே ஒரு பெண்ணுடையதுதான் தேறியது. நம் வெப்பத்தில் மரபணு சிதைந்துவிடும். ஆரியர் வருகையோடு இணைத்துப் பேசப்படும் ஸ்டெப்பி புல்வெளி மேய்ப்பர்களின் மரபு அவரிடம் இல்லை என்று 2019இல் முடிவு வந்ததும், ஆரியர் வருகையே பொய் என்று செய்திகள் பறந்தன. அந்தப் பெண் வாழ்ந்தது ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன். மேய்ப்பர் மரபு இங்கே கலந்தது கி.மு. 2000க்குப் பிறகு என்கிறது அதே மாதம் வெளியான இன்னோர் ஆய்வு. ஆய்வாளர்களில் பலர் இரண்டிலும் பங்கேற்றவர்கள். விருந்தாளி வருமுன் எடுத்த குடும்பப் படத்தைக் காட்டி, விருந்தாளியே வரவில்லை என்று சாதிக்கலாமா? போதாததற்கு, அந்தப் பெண்ணே ஈரானியத் தொடர்புள்ள மரபும் பழைய வேட்டைக்குடி மரபும் கலந்து பிறந்தவர்.

இதைக் கேட்டு மறுமேடை துள்ள வேண்டாம். மரபணு ஆய்வாளர்களான ஐதராபாத்தின் தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் இணைந்து நடத்திய ஆய்வுகள் 2009லும் 2013லும் வெளியாயின. தமிழ் பேசுவோர், பழங்குடிகள் உட்பட இந்திய நிலப்பரப்பில் சோதிக்கப்பட்ட ஏறக்குறைய எல்லாக் குழுக்களும் கலந்தவையே என்பது அவற்றின் முடிவு. அந்தக் கலப்பு சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை நடந்தது. சாதிக்குள்ளேயே மணம் என்ற வேலி அதற்குப் பின் எழுந்தது. ‘உழவையாவது நாமே கண்டோமே?’ என்று கேட்கலாம். பாதி உண்மை. திருப்பத்தூர் அருகே பையம்பள்ளியில் 1960களில் தோண்டிய புதிய கற்கால ஊரில் கருகிய கொள்ளும் பச்சைப்பயறும் கிடைத்தன. இவை இந்தியாவிலேயே பயிராக்கப்பட்டவை. ஆனால் கோதுமையும் பார்லியும் மேற்காசியாவிலிருந்து வந்தவை. வடாற்காட்டுக்காரர் களி கிண்டும் கேழ்வரகின் தாயகமோ ஆப்பிரிக்கா. ஐரோப்பாவுக்கு உழவைக் கொண்டுபோனவர்கள் அனத்தோலியாவிலிருந்து குடிபெயர்ந்த மக்கள் என்று பழைய எலும்புகள் காட்டின. அதற்காக எல்லா விதையும் ஆளோடுதான் வந்தது என்று சொல்லிவிட முடியாது, கைமாறியும் பயணப்படும். சிவகளை முதுமக்கள் தாழியில் கிடைத்த உமிக்குக் கணிக்கப்பட்ட கி.மு. 1155 என்ற காலமும் நெல்லின் வயதைத்தான் சொல்கிறது, தாழியில் கிடந்தவரின் வம்சத்தை அல்ல.

கலந்தவர்கள் என்று ஒப்புக்கொண்டால் தமிழரின் தொன்மை போய்விடாதா என்று அஞ்சுகிறார்கள். ஆரணி அருகே கண்ணமங்கலத்துத் தறிகளில் ஓடும் நூலைத் தரும் பட்டுப்புழு சீனத்தில் பழக்கப்பட்டது. சரிகைக்குப் பேர்போனது சூரத். அதனால் ஆரணிப் பட்டு ஆரணியுடையதல்ல என்று எந்த நெசவாளியும் ஏற்கமாட்டார். தமிழின் தொன்மைக்குக் கீழடியின் எழுத்துப் பொறித்த பானையோடுகள் சான்று. இரத்தத் தூய்மை எதற்கு? இனி எவராவது மேடையேறி ‘மரபணு சொல்கிறது’ என்றால், யாருடைய எலும்பு, எத்தனை பேருடையது, எந்தக் காலத்தது என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் வராவிட்டால் கைதட்டாதீர்கள்.