இருட்டுக்கு இரண்டு கண் வேண்டும்

கோவையிலிருந்து பாலக்காடு வழியாகக் கேரளத்துக்குப் பிழைக்கப் போகும் நம்மவர்கள், இரவில் வாளையாறு தாண்டும்போது பெரும்பாலும் உறக்கத்தில் இருப்பார்கள். எஞ்சின் டிரைவர் உறங்க முடியாது. 2021 நவம்பர் 26 இரவு நவக்கரை அருகே மங்களூர்–சென்னை எக்ஸ்பிரஸ் மோதி மூன்று யானைகள் மாண்டன. வேகமாக வரும் வண்டி, பிரேக் போட்ட பிறகும் பல நூறு மீட்டர் ஓடித்தான் நிற்கும். வளைவில் எஞ்சின் விளக்குக்கு யானை தெரியும்போது காலம் கடந்துவிடுகிறது. டிரைவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

2024 பிப்ரவரியில் மதுக்கரைப் பகுதியில் தமிழக வனத்துறை 7.24 கோடி ரூபாய் செலவில் 12 கோபுரங்களும் 24 காமிராக்களும் அமைத்தது. கோபுரத்துக்கு ஒரு சாதாரணக் காமிரா, ஒரு வெப்பக் காமிரா. பாராட்ட வேண்டிய காரியம்.

இரண்டு எதற்கு என்று கேட்கலாம். உடல் சூட்டிலிருந்து வரும் இன்ஃப்ராரெட் கதிர் கண்ணுக்குத் தெரியாது. வெப்பக் காமிராவுக்குத் தெரியும். கும்மிருட்டிலும் விளக்கில்லாமல் யானையைக் காட்டிவிடும். ஆனால் சிக்னல் சிவப்பா பச்சையா என்று அதற்குத் தெரியாது. வெயிலில் ஜல்லியும் பாறையும் காய்ந்து கிடந்தால் உடலும் கல்லும் ஒன்றுபோலத் தெரியும். அங்கே சாதாரணக் காமிராதான் கை கொடுக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே கோணத்தில் எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்தினால், எது நிற்கிறது, எங்கே நிற்கிறது என்ற இரண்டும் ஒரே படத்தில் விளங்கும்.

வடக்கே பனிமூட்டத்தில் ஓடும் எஞ்சின்களுக்காக இன்ஃப்ராரெட் காமிரா, சாதாரணக் காமிரா, ரேடார் மூன்றையும் இணைத்து டிரைவர் முன் ஒரே படமாகக் காட்டும் 'திரிநேத்ரா' யோசனையை 2016-இல் ரயில்வே முன்வைத்தது. எண்ணம் புதிதல்ல, எல்லா எஞ்சினுக்கும் அது வந்து சேர வேண்டும்.

யானைக்கு மட்டுமா இது? நள்ளிரவில் கைவிளக்கோடு தண்டவாளம் பார்த்து நடக்கும் கேங்மேனும் சூடுள்ள உடல்தான். யானையைக் காணும் காமிரா அவனையும் காணும். அவனுக்காகவும் அதை வைக்க வேண்டும்.

இன்னொன்று. காமிரா பார்த்தால் போதாது. பார்த்த சேதி டிரைவர் காதுக்கு உடனே போக வேண்டும். திரைமுன் உட்காருபவர் மூன்று ஷிப்டுக்கும் முறையாக நியமிக்கப்பட்ட ஆளாக இருக்க வேண்டும். தற்காலிக ஆளை வைத்து இரவு முழுதும் கண்விழிக்கச் சொன்னால், கோடி ரூபாய்க் காமிராவும் குருட்டுக் கண்தான். சம்பந்தப்பட்டவர்கள் கவனிப்பார்களாக.