‘தூக்கமே வரல, ஓட்டிடுவேன்!’ - சளி மாத்திரை போட்டவர் சொன்னால் நம்பலாமா?

மூக்கு ஒழுகுது, தும்மல் நிக்கல. மெடிக்கலில் போய் “ஒரு கோல்ட் மாத்திரை” என்றால் போதும், கையில் கொடுத்துவிடுவார்கள். “வேற ஏதாவது சாப்பிடுறீங்களா? குடிப்பீங்களா?” என்று யாரும் கேட்பதில்லை. கேட்டே ஆகணும் என்கிறேன் நான்.

காரணம், அந்த மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமாலோடு குளோர்பெனிரமினும் இருக்கிறது. பழைய தலைமுறை அலர்ஜி மருந்து. நம்மை விழிப்பாக வைத்திருக்கும் ஹிஸ்டமினின் வேலையை மூளைக்குள்ளேயே போய்த் தடுக்கும். ஆல்கஹால் வேறு வழியில் அதே மூளையை மந்தமாக்கும். ரெண்டும் சேர்ந்தால் மந்தம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். “காலையில போட்டது, இப்ப ராத்திரி ஆச்சே” என்பதும் எடுபடாது. உடம்பில் குளோர்பெனிரமின் பாதியாகக் குறையவே பெரியவர்களுக்குச் சுமார் 20 மணி நேரம் ஆகும்.

“எனக்கெல்லாம் தூக்கமே வராது ப்ரோ” என்பவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் டிரைவிங் சிமுலேட்டர் வைத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். 2000-ல் வெளியானது. இருமல் சிரப்புகளில் இருக்கும் டைபென்ஹைட்ரமின் 50 மி.கி. எடுத்தவர்கள், ரத்தத்தில் சுமார் 0.1% ஆல்கஹாலோடு ஓட்டியவர்களைவிட மோசமாக ஓட்டினார்கள். நம்மூர் சட்ட வரம்பு 0.03% தான்! இன்னொன்று, தூக்கம் வருவதாக அவர்கள் சொன்னதற்கும் ஓட்டிய லட்சணத்துக்கும் பெரிதாகப் பொருத்தமே இல்லை. மருந்து மட்டும் போட்டவரை போலீஸின் ஊதும் கருவியும் காட்டிக்கொடுக்காது.

அடுத்து ‘இயற்கைதானே’ கோஷ்டி. நல்லா தூங்கலாம் என்று அமுக்கரா சூரணம், அஸ்வகந்தா கம்மி எடுப்பவர்கள் இப்போது ஆபீஸுக்கு நாலு பேர். தூக்கத்துக்காக எடுக்கும் ஒன்று, தூக்க மாத்திரை மாதிரியான மருந்தோடு சேரும்போது மட்டும் சும்மா இருக்குமா? அஸ்வகந்தாரிஷ்டத்தின் லேபிளைப் படித்துப் பாருங்கள். நொதித்தலில் தானாக உருவான ஆல்கஹால் 5 முதல் 10% வரை இருக்கும். குடிக்காதவர்களும் கவனிக்கணும்.

அதே ஆய்வில் பெக்ஸோஃபெனடின் எடுத்தவர்கள் நன்றாகவே ஓட்டினார்கள். அது உங்களுக்குச் சரிவருமா என்று டாக்டரிடம் கேளுங்கள். செட்ரிசின் புதிய தலைமுறைதான், ஆனாலும் சிலருக்குக் கண்ணைக் கட்டும். ஏற்கெனவே கலந்துவிட்டீர்களா? சாவியை வேறொருவரிடம் கொடுங்கள். எழுப்பியும் எழாமல், மூச்சு மெதுவாக விடுபவரை “தூங்கட்டும்” என்று விடாமல் 108-ஐ அழையுங்கள்.

எச்சரிக்கை அட்டையில் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, எறும்பு சைஸ் ஆங்கிலத்தில். மருந்துக் கவரில் 1-0-1 என்று எழுதும் அதே பேனாவால் ‘வண்டி, சரக்கு வேண்டாம்’ என்றும் எழுத அஞ்சு நொடி ஆகுமா?