மோட்டார் சைக்கிளுக்கு உழவு இயந்திர ஒயில் போதுமா?

இடம்பெயர்ந்து வாழும் விவசாயக் குடும்பத்திற்கு மோட்டார் சைக்கிள் ஓர் ஆடம்பரப் பொருளன்று. குடியிருப்பது ஓரிடம், வயல் செய்வது வேறிடம் என்றாகிவிட்ட பின்னர் உர மூடையும் பால் கானும் மரக்கறிக் கூடையும் அதன்மேல்தான் போகின்றன. இரவில் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்ப்பதும் அதுவே. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டுச் சில ஆண்டுகள் புதியவை வராமற் போயின. 2022இல் ரூபாயும் வீழ்ந்தது. ஆகவே உள்ள பழைய வண்டியையே காப்பாற்ற வேண்டியவர்களாக இருக்கின்றோம். ஆனால் அதற்கு ஒயில் தெரிவு செய்வதில் எம்மவர் காட்டும் சிக்கனம் எமக்குச் சிக்கனமாகத் தோன்றவில்லை.

லாண்ட்மாஸ்ரருக்கு வாங்கியதில் மிஞ்சியதை மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றுகின்றோம். அல்லது கடைக்காரர் மலிவாகத் தரும் கார் ஒயிலை வாங்குகின்றோம். "எல்லாம் ஒயில்தானே" என்பது வாதம். உழவு இயந்திரத்தில் என்ஜினுக்கு ஒரு ஒயில், கியர்ப் பெட்டிக்கு வேறு ஒயில். எமது மோட்டார் சைக்கிள்களிலோ ஏறக்குறைய ஒரு லீற்றர் ஒயிலே என்ஜின், கியர், கிளச் ஆகிய மூன்றுக்கும் ஊழியம் செய்கின்றது. கிளச் தட்டுக்கள் அந்த ஒயிலில் தோய்ந்தபடியே ஒன்றையொன்று இறுகப் பற்ற வேண்டும். புதிய கார்களுக்கான மெல்லிய ஒயில்கள் பலவற்றில் எரிபொருளை மீதப்படுத்துவதற்காக உராய்வைக் குறைக்கும் பொருட்கள் சேர்க்கப்படுகின்றன. காருக்கு அது நன்மை. எமது கிளச்சுக்குக் கேடு. மூடையோடு மணல் ஒழுங்கையில் ஏறும்போது என்ஜின் இரையும், வண்டி நகராது.

எனவே போத்தலின் படத்தையோ விலையையோ பாராமல் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும். தோய்ந்த கிளச்சுக்கு ஏற்றது என்பதற்கு யப்பானியர் 1998இல் வகுத்த தரக்குறி அது. எம்.பி. என்றிருந்தால் அது ஸ்கூட்டர் வகைகளுக்குரியது. டீசல் ஒயில்களிலும் எம்.ஏ. தரத்துக்கு ஒத்தவை உண்டு. ஆனால் குறி இல்லாதபோது எது ஒத்தது என்று எம்மால் அறிய முடியாது. எம்.ஏ. ஒயிலைப் பெற்றோலில் இயங்கும் சிறிய நீரிறைக்கும் இயந்திரத்துக்கும் பெரும்பாலும் ஊற்றலாம். ஆகவே வீட்டில் ஒரு போத்தல் வாங்குவதானால் இதையே வாங்குங்கள்.

அடுத்தது தடிப்பு. தடித்த ஒயிலே நல்லது என்ற நம்பிக்கை எம்மிடம் வேரூன்றியிருக்கின்றது. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் சில துளி பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் ஓடினோம். எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி ஒயிலைத் தண்ணீராக்கியது. அந்தப் பயம் இன்னும் எம்மைவிட்டுப் போகவில்லையோ என்னவோ! இன்று கைநூல் 10டபிள்யூ-30 என்றால் அதையும், 20டபிள்யூ-50 என்றால் அதையும் வாங்குவதே முறை. முன் இலக்கம் குளிர்ந்திருக்கையில் ஓடும் தன்மை, பின் இலக்கம் சூடேறியபின் உள்ள தடிப்பு.

பில்ரர் விடயத்தில் முதலில் உங்கள் வண்டியில் எது உண்டு என்று அறியுங்கள். ஹொண்டா எம்.டி. 90, சி. 90 போன்றவற்றில் கடதாசி ஒயில் பில்ரர் கிடையாது. கம்பிவலைச் சல்லடையும், சுழன்று அழுக்கை ஓரத்தில் ஒதுக்கும் ஒரு கிண்ணமும் என்ஜினுக்குள் உள்ளன. ஒயிலை மாத்திரம் மாற்றினால் அந்தக் கிண்ணம் துப்புரவாகாது. இடையிடையே கழற்றிக் கழுவும்படி மெக்கானிக்கிடம் கேட்டுக் கொள்ளுங்கள். பல்சர் போன்றவற்றில் கடதாசிப் பில்ரர் உண்டு, அதைக் கழுவித் திரும்பப் போடுவது வீண்வேலை.

இவற்றிலும் முக்கியமானது காற்றுப் பில்ரர். வன்னியின் செம்மண் புழுதி உள்ளே போனால் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்து, ஊற்றிய நல்ல ஒயிலெல்லாம் புகையாகும். பஞ்சு வகையானால் மண்ணெண்ணெயில் கழுவி, உலர்த்தி, சிறிது ஒயில் தோய்த்துப் பிழிந்து போடலாம். கடதாசி வகையை நனைக்கவே கூடாது. வெட்டுக் காலத்தில் சொல்லிய தவணைக்கு முன்னரே பாருங்கள்.

எமது கூட்டுறவுச் சங்கங்கள் உரமும் கிருமிநாசினியும் விற்பது போல, முத்திரை உடையாத எம்.ஏ. ஒயிலையும் ஏன் மொத்தமாக எடுத்து விற்கக் கூடாது? கழிவு ஒயிலையும் அங்கேயே திரும்பப் பெறலாம். வேலித் தூணுக்குப் பூசுவது போக மிஞ்சியதை நிலத்தில் ஊற்றுகின்றோம். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தது பற்றி 2014, 2015 ஆம் ஆண்டுகளில் எழுந்த அச்சத்தை மறந்துவிட்டோமா? வெறும் போத்தலையும் துளையிட்டே வீசுங்கள். இல்லையேல் அது நிரப்பப்பட்டு மீண்டும் உங்களிடமே விலைக்கு வரக்கூடும்.