வீட்டு சர்வருக்கு எந்த பைல் சிஸ்டம்?

பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் பதிந்து வீட்டு சர்வராக வைத்துக்கொள்ள விரும்பும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த பைல் சிஸ்டம் வேகமானது?" என்பதுதான். நான்கு பேர் போட்டோ பார்க்கும் சர்வரில் வேகம் ஒரு பிரச்னையே அல்ல. பத்து ஆண்டு கழித்தும் அந்த போட்டோக்கள் பழுதின்றி இருக்குமா என்பதே என் கேள்வி.

நானும் நெடுநாள் எக்ஸ்ட்4 தவிர வேறெதையும் தொட்டதில்லை. 2008ல், 2.6.28 கெர்னலில் நிலையானதாக அறிவிக்கப்பட்ட இது, திடீரென மின்சாரம் நின்றாலும் ஜர்னல் உதவியால் சட்டென்று எழுந்துகொள்ளும். ஆனால், வழக்கமான செட்டிங்கில் ஜர்னல் காப்பது பைல் சிஸ்டத்தின் அமைப்பைத்தான். பைலுக்குள் இருப்பதை அல்ல. செக்சம் சோதனையும் மெட்டாடேட்டாவிற்கு மட்டுமே உண்டு. மகளின் முதல் பிறந்தநாள் போட்டோக்களைத் திறந்தபோதுதான் இது எனக்கு உறைத்தது. மூன்று படங்களில் பாதிக்கு மேல் சாம்பல் நிறப் பட்டை! ஹார்ட் டிஸ்க் ஒரு பிழைச் செய்திகூடத் தரவில்லை. மாதம் ஒருமுறை நான் எடுக்கும் பேக்கப்போ, கெட்ட பைலையே நல்ல பிரதியின் மேல் எழுதி வைத்திருந்தது.

எனவே, சிஸ்டம் இருக்கும் டிஸ்க்கிற்கு எக்ஸ்ட்4 போதும். போட்டோக்களுக்கு, இரண்டு டிஸ்க்குகளை ரெய்டு 1 முறையில் இணைத்து பிடிஆர்எப்எஸ் அமையுங்கள். 2009ல் கெர்னலில் சேர்ந்த இது, டேட்டாவிற்கும் செக்சம் வைக்கிறது. மாதம் ஒருமுறை "ஸ்க்ரப்" இயக்கினால், கெட்ட பகுதியைக் கண்டுபிடித்து மற்ற டிஸ்க்கின் நல்ல பிரதியிலிருந்து சரிசெய்துவிடும். ஒரே டிஸ்க் என்றால் கெட்டதைச் சொல்லும், திருத்தாது. ரெய்டு 5, 6 பக்கம் போக வேண்டாம். அதன் கையேடே எச்சரிக்கிறது.

இசட்எப்எஸ்ஸும் இதே வேலையை அருமையாகச் செய்யும். ஆனால் லைசென்ஸ் காரணமாக அது கெர்னலுக்கு வெளியே இருக்கிறது. கெர்னலை அப்டேட் செய்யும்போதெல்லாம் ஒரு கண் வைக்க வேண்டும். எக்ஸ்எப்எஸ் உறுதியானது என்றாலும் டேட்டாவிற்கு செக்சம் இல்லை. புதிதாக வந்ததன் மேல் ஆசையும் வேண்டாம். 2024 ஜனவரியில் கெர்னலில் நுழைந்த பிகேஷ்எப்எஸ், 2025லேயே நீக்கப்பட்டது.

இரண்டு டிஸ்க் இருந்தாலும் பேக்கப் தனியாக வேண்டும். பழைய பிரதியை அழிக்காத பேக்கப்! என்னுடைய மூன்று படங்களில் ஒன்றை பிரிண்ட் போட்டிருந்ததால், ஸ்கேன் செய்து சர்வரில் ஏற்றினேன். மற்ற இரண்டும் போனது போனதுதான்.