அறிவியல் அறிவோம்: சூரியக் காற்றும் சொல்லப்பட்ட உண்மையும்



வால்வெள்ளியின் வால் எந்தப் பக்கம் நீளும்? ஓடுகின்ற பெண்ணின் கூந்தலைப் போல் பின்னால் பறக்கும் என்றே நினைப்போம். அப்படியல்ல. வால்வெள்ளி எத்திசையில் சென்றாலும் அதன் வால் சூரியனுக்கு எதிர்ப்புறமாகவே நீளும். சூரியனை விட்டு விலகும்போது வால்தான் முன்னே செல்லும். சூரியனிலிருந்து துகள்கள் வீசி அதைத் தள்ளுகின்றன என்று ஜேர்மனிய விஞ்ஞானி லுட்விக் பியர்மன் 1950களில் கூறினார்.

அது எப்படி நிகழ்கிறது என்பதைக் கணித்துச் சொன்னவர் யூஜின் பார்க்கர். 1927இல் அமெரிக்காவில் பிறந்தவர். சிக்காகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். சூரியனைச் சூழ்ந்த வாயு பத்து இலட்சம் பாகைக்கும் மேற்பட்ட வெப்பமுடையது. அதைச் சூரியனின் ஈர்ப்பினால் முழுவதும் பிடித்து வைக்க முடியாது. அது செக்கனுக்குப் பல நூறு கிலோமீற்றர் வேகத்தில் ஓயாது வெளியே வீசும். இதற்குச் "சூரியக் காற்று" என்று பெயரிட்டு 1958இல் கட்டுரை எழுதினார்.

கட்டுரையைப் பரிசீலித்த அறிஞர் இருவரும் அதை நிராகரித்தனர். முதலில் நூலகத்துக்குப் போய்ப் படித்துவிட்டு வரட்டும் என்று ஒருவர் ஏளனம் செய்தார். சஞ்சிகையின் ஆசிரியராக இருந்தவர் சென்னையில் கற்ற தமிழரான சுப்பிரமணியன் சந்திரசேகர். அவருக்கும் அக்கருத்துப் பிடிக்கவில்லை. ஆயினும், கணக்கில் எவரும் பிழை காட்டாததால் கட்டுரையை வெளியிட்டார். 1935இல் இலண்டனில் அவருடைய ஆய்வையே பேரறிஞர் எடிங்டன் சபை நடுவே நையாண்டி செய்திருந்தார். அதே ஆய்வுத்துறைக்காக 1983இல் சந்திரசேகருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

1962இல் வெள்ளிக் கோளை நோக்கிச் சென்ற மரினர் 2 விண்கலம், வழிநெடுகிலும் சூரியக் காற்றை அளந்தது. பார்க்கர் சொன்னது மெய்யானது.

இந்தக் காற்று கோள்களையெல்லாம் உள்ளடக்கிய ஒரு பெருங்குமிழியை உருவாக்கியுள்ளது. வெளியிலிருந்து வரும் ஆபத்தான கதிர்களில் பெரும்பகுதியை அது தடுக்கிறது. 1977இல் புறப்பட்ட வொயேஜர் 1, ஏறத்தாழ 1,800 கோடி கிலோமீற்றர் தொலைவில், 2012 ஓகஸ்டில் அதன் எல்லையைக் கடந்து நட்சத்திரங்களுக்கு இடையிலான வெளியில் நுழைந்தது.

2018இல் பார்க்கரின் பெயர் தாங்கிய விண்கலம் சூரியனை நோக்கிப் புறப்பட்டது. 91 வயதில் அவர் அதை நேரில் பார்த்தார். 2022இல் மறைந்தார். அக்கலம் 2024 டிசெம்பரில் சூரியனின் மேற்பரப்பிலிருந்து 61 இலட்சம் கிலோமீற்றர் வரை நெருங்கியது.

சகோதரிகளே, சங்கக் கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து கணக்குச் சொன்னால், "உமக்கென்ன தெரியும்?" என்ற சொல்லே முதலில் வரும். அப்போது பேசாமல் அமர்ந்துவிடாதீர்கள். "நான் சொன்னதில் எது பிழை, சொல்லுங்கோ" என்று கேளுங்கள். இன்னொருத்தி பேசும்போது, அவள் சொல்வது எமக்குப் பிடிக்காவிட்டாலும், அதில் பிழை உண்டா என்று மட்டும் பார்ப்போம். பிழை இல்லையேல் அவள் சொல்லைப் பதிவேட்டில் எழுதுவோம்.