ஒரே வண்டி, வேறு வேறு இலை

இரயில் வண்டி பிறந்த பின்னர் மக்களிடையே வேற்றுமை குறைந்தது என்று கூறுவது வழக்கம். அதில் உண்மை உண்டு. ஆயின் முழு உண்மை அன்று. சில வேற்றுமைகள் வண்டி ஏறியே நெடுந்தூரம் பயணம் செய்தன.

அமெரிக்காவின் தென் மாநிலமான லூசியானாவில், கறுப்பருக்குத் தனிப் பெட்டி என்று 1890இல் சட்டம் இயற்றினர். 1892 ஜூன் 7 அன்று ஹோமர் பிளெஸ்ஸி என்பவர் முதல் வகுப்புச் சீட்டுடன் வெள்ளையர் பெட்டியில் அமர்ந்து கைதானார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. இடம் தனித்தனியாக இருப்பினும் வசதி சமமாயின் குற்றமில்லை என்று 1896இல் தீர்ப்பு வந்தது. பள்ளிகளில் அக்கொள்கை செல்லாதென 1954இல் மற்றொரு தீர்ப்பு வரும் வரை 58 ஆண்டுகள் கழிந்தன. பிளெஸ்ஸி கைதாகிச் சரியாக ஓராண்டு சென்று, 1893 ஜூன் 7 அன்று, தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் காந்தியடிகள் முதல் வகுப்பிலிருந்து இறக்கிவிடப்பட்டார்.

இவற்றைப் படிக்கையில் நமக்கு உள்ளம் கொதிக்கிறது. கொதிக்கட்டும். நம் ஊர் நிலையங்களையும் சற்று நோக்குவோம். தென்னிந்திய இரயில் நிலையங்களின் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்கு ஓர் இடமும், மற்றவருக்கு வேறோர் இடமும் ஒதுக்கப்பட்டிருந்தன. ஒரே கட்டணம் செலுத்தி, ஒரே வண்டியில் வந்தவர்கள், இலை போடும் வேளையில் பிரிந்து போக வேண்டும். பெரியார் ஈ.வெ.ரா.வும் அவர்தம் இயக்கத்தாரும் இதனை எதிர்த்துக் கிளர்ச்சி செய்தனர். 1941இல் அவ்வழக்கம் ஒழிந்தது. அதற்கு முன்னரே, 1924இல், வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமைக்காகப் போராடி இருமுறை சிறை சென்றவர் அவர்.

சிற்றுண்டிச் சாலையில் எவருக்கும் சோறு மறுக்கப்படவில்லையே என்று வாதிட்டவர்களும் இருந்திருப்பர். அமெரிக்க நீதிபதிகள் கூறியதும் ஏறக்குறைய அதுவே. இரண்டு கூடங்களிலும் ஒரே சோறு, ஒரே குழம்பு பரிமாறப்பட்டதாகவே கொள்வோம். உண்பவனை இழிவு செய்தது குழம்பன்று. வாயிலில் தொங்கிய பலகை.

நிற்க. நாம் வாழும் இவ்வங்கத்திற்கும் இக்கதையில் பங்குண்டு. 1946இல் டாக்டர் அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபைக்கு முதன்முதல் தேர்ந்தெடுக்கப்பட்டது வங்கத்திலிருந்தே. அதற்குத் துணை நின்றவர் ஜோகேந்திரநாத் மண்டல். தீண்டாமையை ஒழிக்கும் 17ஆம் விதி அரசியல் சட்டத்தில் இடம் பெற்றது. 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. அதே ஆண்டு டிசம்பர் 1 அன்றுதான் அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரில் ரோசா பார்க்ஸ் அம்மையார் பேருந்தில் இருக்கையை விட்டு எழ மறுத்தார். அந்நகரத்துக் கறுப்பின மக்கள் 381 நாட்கள் பேருந்தைப் புறக்கணித்து வென்றனர்.

சட்டம் பலகையைக் கழற்றும், மனத்தைக் கழற்றாது. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989இல் எழுப்பப்பட்ட சுவரின் ஒரு பகுதியை இடித்து வழிவிட 2008 மே மாதம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

உத்தப்புரம் தொலைவில் இருக்கிறது என்று நாம் ஆறுதல் கொள்ளலாகாது. ஜாதவ்பூரில் புதிதாக ஒரு தமிழ்க் குடும்பம் வந்திறங்கினால், "எந்த ஊர்?" என்று அன்போடு விசாரிக்கிறோம். ஊர்ப் பெயரைக் கேட்ட மாத்திரத்தில், "ஊரில் எந்தத் தெரு?" என்ற அடுத்த வினா வந்துவிடுகிறது. அவ்வினாவின் பொருள் கேட்பவருக்கும் தெரியும். விடை சொல்லத் தயங்குபவருக்கும் தெரியும். 1,600 கிலோமீட்டருக்கு மேல் கடந்து பிழைக்க வந்தவர்கள், அந்தப் பழைய பலகையையும் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறோம். இங்கே பிறந்த நம் குழந்தைகள் அருகில் நின்று அதனைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே அன்பர்கள் ஊரைக் கேட்பதோடு நிறுத்திக்கொள்வார்களாக. வீடு அமைந்ததா, பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கிடைத்ததா, அரிசி வாங்கும் கடை தெரியுமா என்று கேட்பதற்கு வேறு வினாக்கள் நிறைய உள்ளன.